மழைக்கு முன் மாடி, பால்கனி சுத்தம்: ஞாயிறு காலை 7 மணி

அனைவருக்கும் வணக்கம்.

ஐப்பசி மழை நெருங்குகிறது. போன வருடம் மொட்டை மாடி வடிகுழாய் வாயை வேப்பஞ்சருகு அடைத்து, தேங்கிய தண்ணீர் மேல்தளத்து வீடுகளில் ஒழுகியது. (பெயின்ட் செலவு இன்னும் கண்ணில் நிற்கிறது!) இந்த ஞாயிறு காலை 7 மணிக்கு மாடியில் கூடுவோம். பிளம்பரும் வருகிறார்.

1. மாடியிலுள்ள பூந்தொட்டி, பழைய சாமான்களைச் சனிக்கிழமைக்குள் எடுத்துவிடுங்கள்.
2. பால்கனித் துளையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மெதுவாக இறங்கினால் அடைப்பு. பிளாட் எண்ணோடு இங்கே சொல்லுங்கள்.
3. ஏசி தண்ணீர் சுவரில் வழியக் கூடாது.
4. ஊருக்குப் போகிறவர்கள் வாஷிங் மெஷின் குழாயை மூடிவிட்டுப் போங்கள். ஹோஸ் கழன்றால் கீழ்வீடும் நனையும்.
5. ஸ்விட்ச் போர்டு அருகே ஈரமிருந்தால் தொடாதீர்கள்; உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு ஒருவராவது வர வேண்டும். யார் வருகிறீர்கள் என்று வெள்ளி இரவுக்குள் பதில் போடுங்கள். துடைப்பம் இருந்தால் கொண்டு வாருங்கள்.