காவலுக்குக் கொடுத்த லஞ்சம்

கோவை,
ஞாயிறு இரவு

அன்புள்ள சுப்பு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் ஆபரேஷன் முடிந்து, சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தேன். இப்போது வலது கண் பளிச்சென்று தெரிகிறது. தெரிந்ததும் முதல் காரியமாகச் சதுரங்கப் பலகையை விரித்து ஒரு பழைய ஆட்டத்தை நகர்த்திப் பார்த்தேன். உன்னிடம் சொல்லாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

1907-ல் லோட்ஸ் நகரத்தில் ஆடியது. போலந்து ஊர், அன்றைக்கு ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. நம் ஊர் மாதிரியே பஞ்சும் நூலும் மில்லுமாக வளர்ந்த ஊர். அதனாலேயே மனதில் ஒட்டிக்கொண்டது. வெள்ளை ரோட்லெவி, கறுப்பு அகிபா ரூபின்ஸ்டைன். 25 நகர்த்தலில் முடிந்துவிட்டது.

ஆரம்பத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒரே அமைப்பு. ஆனால் வெள்ளை ராணி டி2 கட்டத்துக்குப் போய், அப்புறம் இ2-க்கு வந்தது. கறுப்பு ராணி ஒரே எட்டில் இ7-ல் உட்கார்ந்துவிட்டது. வெள்ளை மந்திரியும் டி3, சி4, மறுபடி டி3 என்று அலைந்தது. அவ்வளவுதான் தப்பு. மூலையிலிருந்த ஏ1 யானை கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை. (உன் ஆட்டம் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளாதே.)

21-வது நகர்த்தலில் கறுப்பு ராணி எச்4-க்கு வந்து, ஜி4 குதிரையின் துணையோடு, ராஜா தப்பவே முடியாத மேட் வைக்க மிரட்டுகிறது. வெள்ளை, சிப்பாயை ஜி3-க்குத் தள்ளி ராணியை விரட்டுகிறது. நீயும் நானுமாக இருந்தால் ராணியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம். ரூபின்ஸ்டைன் அதைத் தொடவே இல்லை. சி8 யானையை இறக்கி, சி3-ல் நின்ற குதிரையை வெட்டினார்.

ஏன் அந்தக் குதிரை? பி7-ல் இருக்கும் கறுப்பு மந்திரிக்கு வெள்ளை ராஜாவரை நேர்க்கோடு. நடுவில் மறைத்து நிற்பது இ4-ல் உள்ள வெள்ளை மந்திரி. அதற்குக் காவல் இருவர்: சி3 குதிரை, இ2 ராணி. ஒரு காவல் போயிற்று. வெள்ளை, கறுப்பு ராணியை வெட்டியது. உடனே இன்னொரு யானை டி2-ல் வந்து வெள்ளை ராணியின் முகத்துக்கு நேரே நின்றது. பலகையை அப்படியே நிறுத்தி எண்ணிப் பார், சுப்பு: கறுப்பின் இரண்டு யானை, குதிரை, பி7 மந்திரி, நாலும் வெட்டுக்கு நிற்கின்றன. ராணி ஏற்கெனவே போய்விட்டது!

வெள்ளை ராணி யானையை வெட்டியது. இ4-க்குக் காவல் இல்லை. கறுப்பு மந்திரி அங்கே வெட்டி ராஜாவுக்கு செக். ராணி ஜி2-க்கு வந்து குறுக்கே நிற்க, கறுப்பு அந்த ராணியைச் சீந்தவில்லை; சி3 யானையை எச்3-க்கு அமைதியாக நகர்த்தியது. எச்2-ல் மேட்டைத் தடுக்க வழியில்லை. ரோட்லெவி தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டார்.

இதைத் 'தியாகம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. காவல்காரன் இடத்தைவிட்டு நகர அவன் கையில் திணித்த லஞ்சம் இது.

ஆனந்த் 2013 ஜனவரியில், நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீ போட்டியில், ஆர்மீனிய வீரர் அரோனியனைக் கறுப்புக் காயால் 23 நகர்த்தலில் மடக்கினாரே, அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே ஜி4 குதிரை, ராஜாவைக் குறிவைக்கும் அதே இரண்டு மந்திரிகள். ரூபின்ஸ்டைன் ஆட்டத்தோடு இதற்குள்ள ஒற்றுமையை ஆனந்தே சொன்னார். உலக சாம்பியனாக இருந்தவருக்கு அதை ஒப்புக்கொள்வதில் கூச்சம் இல்லை.

ரூபின்ஸ்டைனுக்கு அந்தப் பட்டம் வாய்க்கவில்லை. 1912-ல் ஒரே வருஷத்தில் ஐந்து பெரிய போட்டிகளில் முதலிடம். அப்போதைய உலக சாம்பியன் லாஸ்கரோடு ஆட வேண்டிய பந்தயத்தை 1914 யுத்தம் விழுங்கியது. பின்னாளில் மனுஷ முகத்தைப் பார்க்கவே கூசிப் போனாராம். அதைப் படித்த அன்றைக்குப் பலகையை மடித்து வைத்துவிட்டேன்.

பேத்தி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். உன் மகன் வீடு கட்டி முடித்தானா?

பொங்கலுக்கு வா. பலகை இருக்கிறது. கறுப்புக் குதிரை ஒன்று மட்டும் காணோம், சோடா மூடியை வைத்து ஒப்பேற்றிக்கொள்ளலாம். கறுப்பு எனக்கு.

உன்,
வேலு