ஹார்ட் டிஸ்க் தாமதமாக எழுந்ததற்கு என் தொகுப்புகளை அழிப்பதா?

அனுப்புநர்
உங்கள் வீடியோ நூலக மென்பொருளின் ஆயுள் சந்தாதாரர்

பெறுநர்
பொறுப்பு அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கையால் அமைத்த 64 தொகுப்புகளும் எல்லா லேபிள்களும் ஒரே ஸ்கேனில் அழிந்தது – மீட்டுத் தரவும் மென்பொருளைத் திருத்தவும் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிறு இரவு என் எட்டு வயது மகள் விளக்கை அணைக்க விடவில்லை. கதவுக்குப் பின்னால் யாரோ நிற்பதாகச் சொன்னாள். துருவிக் கேட்டதில், அவளுடைய கணக்கில் ‘புதிதாகச் சேர்ந்தவை’ என்ற வரிசையில் இருந்த ஒரு பேய்ப் படத்தை முக்கால் மணி நேரம் பார்த்திருக்கிறாள் என்று தெரிந்தது. அந்தப் படம் புதிதல்ல. ஆறு ஆண்டுகளாக என் நூலகத்தில் இருப்பது. அவள் கண்ணில் அது படவே கூடாது. ‘பெரியவர்களுக்கு’ என்று நான் லேபிள் ஒட்டிய எதையும் அவள் கணக்கில் காட்டாதே என்பது உங்கள் மென்பொருளுக்கு நான் இட்டிருந்த கட்டளை. கட்டளை அப்படியே இருந்தது. லேபிள்தான் எந்தப் படத்திலும் இல்லை. விலக்குவதற்கு ஒன்றும் அகப்படாததால் உங்கள் மென்பொருள் ஒன்றையும் விலக்காமல் அலமாரி முழுவதையும் அவள் முன் திறந்து வைத்துவிட்டது.

குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு என் கணக்கைத் திறந்தேன். என்னிடம் 2,140 படங்களும் தொள்ளாயிரத்துச் சொச்சம் வீட்டு வீடியோக்களும் உள்ளன. அவற்றை 87 தொகுப்புகளாகப் பிரித்து வைத்திருந்தேன். விதியை எழுதிவிட்டால் தானாக நிரம்பிக்கொள்ளும் தொகுப்புகள் 23. மீதி 64 நான் ஒவ்வொன்றாகத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, முகப்புப் படம் வைத்து அமைத்தவை. அந்த 64இல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. விதிப்படி நிரம்புபவற்றிலும் லேபிளை நம்பியிருந்த ஒன்பது, பெயர் மட்டும் மிச்சமாய் உள்ளே காலியாகக் கிடந்தன.

போன இடத்தைச் சும்மா விட உங்களுக்கு மனம் வரவில்லை போலும். தொடர் படங்களைத் தானாகச் சேர்க்கும் வசதி 311 புதிய தொகுப்புகளை அங்கே நிரப்பியிருந்தது. பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு படம். ஒற்றை ஆளுக்கு ஒரு சங்கம், அதற்கு ஒரு பெயர்ப் பலகை.

என்ன நடந்தது என்பதை உங்கள் சேவைப் பிரிவு கண்டுபிடித்துச் சொல்லவில்லை. உங்கள் மென்பொருளே எழுதி வைத்திருந்த பதிவுக் கோப்பைப் படித்து நானே தெரிந்துகொண்டேன். அந்த ஞாயிறுக்குப் பதினாறு நாட்களுக்கு முன், விடிகாலையில் மின்சாரம் போய் வந்திருக்கிறது. என் வீடியோக்கள் எல்லாம் நெட்வொர்க் வழியாக இணைந்த தனி ஹார்ட் டிஸ்க் பெட்டியில் இருக்கின்றன. உங்கள் மென்பொருள் ஓடுவது வேறொரு கணினியில். மின்சாரம் திரும்பியதும் கணினி முதலில் எழுந்துவிட்டது. நாலைந்து டிஸ்க் சுழன்று, சோதனை முடித்து, நெட்வொர்க்கில் தலைகாட்ட அந்தப் பெட்டிக்கு நேரம் பிடிக்கும். அதுவரை அது வந்து சேரவேண்டிய இடம் கணினியில் ஒரு காலி ஃபோல்டராகத்தான் தெரியும். 3:14க்கு உங்கள் மென்பொருள் ஸ்கேன் செய்ய, அதாவது ஃபோல்டரில் என்னென்ன வீடியோக்கள் இருக்கின்றன என்று துழாவிப் பார்க்க, ஆரம்பித்தது. காலி ஃபோல்டரைப் பார்த்தது. 2,140 படங்களையும் நான் அழித்துவிட்டதாக முடிவு கட்டி, 3:15க்கு எல்லாவற்றையும் நூலகத்திலிருந்து நீக்கி, குப்பையையும் கொட்டி முடித்தது. 3:26க்கு டிஸ்க் பெட்டி வந்தது. அதே படங்களை, அதே ஃபோல்டரில், அதே பெயரில் கண்டு, ‘புதிதாகச் சேர்ந்தவை’ என்று உற்சாகமாக வரவேற்றது.

கதவைத் தட்டினேன், யாரும் திறக்கவில்லை, அதனால் வீட்டை இடித்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன சொல்வோம்? ‘இல்லை’ என்பது வேறு, ‘இப்போது எட்டவில்லை’ என்பது வேறு. ஒரே நிமிடத்தில் ஒரு நூலகம் முழுவதும் மறைந்தால் சொந்தக்காரர் அழித்திருப்பாரா, வயர் கழன்றிருக்குமா என்று ஒரு கணம் நின்று யோசிக்கவேண்டாமா? இதற்குப் பெரிய செயற்கை அறிவு ஒன்றும் தேவையில்லை. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் என்ற நிரல் 1996இல் வந்தது. ஒரே ஓட்டத்தில் இத்தனை கோப்புக்கு மேல் அழிக்காதே என்று அதற்கு வரம்பு கட்டலாம். கறுப்புத் திரையில் கட்டளை தட்டி இயக்கும் அந்தப் பழைய நிரலுக்கு இருக்கும் நிதானம், வண்ண வண்ண முகப்போடு சந்தா வாங்கும் உங்கள் மென்பொருளுக்கு இல்லை.

‘ஸ்கேனுக்குப் பின் குப்பையைத் தானாகக் காலி செய்’ என்ற அமைப்பை அணைத்து வைத்திருக்கலாமே என்று உங்கள் ஊழியர் எழுதினார். அணைத்திருக்கலாம். ஆனால் நிறுவும்போதே அது இயக்கத்தில்தான் வருகிறது. அதன் கீழே இருக்கும் விளக்கம் ‘நூலகத்தைச் சுத்தமாக வைத்திருக்கும்’ என்கிறது. தொகுப்பும் லேபிளும் வரிசையும் சேர்ந்தே போகும் என்று ஒரு வார்த்தை இல்லை. சுத்தம் என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டென்று எனக்குத் தெரியாது.

இந்தக் கடிதத்தில் எதை மறந்தாலும் இனி வருவதை மறக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். படங்கள் திரும்பி வந்தபோது நான் எந்தெந்தப் படத்தைப் பார்த்து முடித்திருந்தேன் என்ற குறிகள் எல்லாம் தாமாகவே சரியாக வந்து ஒட்டிக்கொண்டன. ஒன்றுகூடத் தவறவில்லை. அது எப்படி என்று தரவுத்தளக் கோப்பின் நகல் ஒன்றைத் திறந்து பார்த்தேன். பார்த்த குறிகளை நீங்கள் படத்தின் வெளி அடையாளத்தோடு, அதாவது பொதுத் திரைப்படத் தரவுத்தளம் அந்தப் படத்துக்குத் தந்திருக்கும் எண்ணோடு, முடிந்து வைத்திருக்கிறீர்கள். அந்த எண் மாறுவதில்லை. தொகுப்புகளையும் லேபிள்களையும் மட்டும் உங்கள் மென்பொருள் தனக்குள்ளே கொடுத்துக்கொள்ளும் வரிசை எண்ணோடு முடிந்திருக்கிறீர்கள். படம் நீங்கி மறுபடி வந்தால் புது எண் விழும். பழைய எண்ணில் தொங்கியவை எல்லாம் அறுந்து விழும். ஆக, உங்களுக்கு வழி தெரியாமல் இல்லை. நான் சும்மா உட்கார்ந்து பார்த்ததற்கு ஒரு மதிப்பு, உட்கார்ந்து வேலை செய்ததற்கு வேறு மதிப்பு என்று நீங்கள் தீர்மானித்திருக்கிறீர்கள்.

பேக்அப் இருக்குமே என்பீர்கள். இருந்தது. உங்கள் மென்பொருள் மூன்று நாளுக்கு ஒருமுறை தரவுத்தளத்தை நகலெடுத்து, கடைசி நான்கை மட்டும் வைத்துக்கொள்கிறது. நான்கு மூன்று பன்னிரண்டு. எனக்குத் தெரியவந்தது பதினாறாம் நாள். நான்கு நகல்களும் அழிவுக்குப் பிந்தியவை. வேறொரு இடத்தில் தனியாக நகல் எடுத்து வைக்காதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். படங்களுக்கு மூன்று இடத்தில் நகல் வைத்திருந்தேன். படங்களைப் பற்றி நான் எழுதி வைத்ததற்கு வைக்கவில்லை. இழப்பு அங்கிருந்து வரும் என்று நினைக்கவில்லை. கோடி (Kodi), ஜெல்லிஃபின் போன்ற வேறு வீடியோ நூலக நிரல்கள் படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய என்எஃப்ஓ கோப்பை வைத்து, அதில் எழுதியிருப்பதைப் படித்துக்கொள்ளும். எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்பதைக்கூட அதில் எழுதலாம். படம் எங்கே போனாலும் அதன் குறிப்பும் கூடவே போகும். உங்களிடம் அந்த ஏற்பாடு இல்லை. தொகுப்புகளை வெளியே எடுத்து ஒரு பட்டியலாகச் சேமிக்கவும் வழி இல்லை.

‘தானியங்கி வசதியால் தொகுப்புகளை எளிதில் மறுபடி உருவாக்கலாம்’ என்று உங்கள் இரண்டாவது பதில் ஆறுதல் சொன்னது. எதை உருவாக்கலாம் என்று நினைத்தீர்கள்? ‘தொண்ணூறு நிமிடத்துக்குள் முடிபவை’ என்பதை எந்த நிரலும் செய்யும். நடிகர், இயக்குநர், ஆண்டு, மொழி எல்லாம் அப்படித்தான். அவற்றை நான் கையால் செய்யவும் இல்லை. ‘காய்ச்சலில் படுத்திருக்கும்போது’ என்று ஒரு தொகுப்பு இருந்தது. வசனம் தவறவிட்டாலும் கதை புரிகிற, சத்தம் குறைவான படங்கள் முப்பது. ‘இடையில் நிறுத்தினாலும் பாதகமில்லை’ என்று ஒன்று. ‘முடிவு மட்டும் மோசம்’ என்று ஒன்று. விருந்தாளிகள் வந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். இதற்கெல்லாம் எந்தத் தரவுத்தளத்தில் கட்டம் இருக்கிறது?

சரி, உங்கள் தானியங்கி தனக்குத் தெரிந்த வேலையையாவது ஒழுங்காகச் செய்ததா? 1996இல் வந்த ‘ஹாம்லெட்’ படம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடும். 1948இல் வந்ததோ இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். நீங்கள் சொன்ன முறைப்படியே கோப்புப் பெயரில் ஆண்டையும் எழுதியிருந்தேன். மறு ஸ்கேனில் இரண்டையும் 1948 என்று பதிந்து, ஒரே படத்தின் இரண்டு பிரதிகளாக அடுக்கியிருக்கிறது. ஆண்டைப் பார்க்காவிட்டாலும் ஓடும் நேரத்தைப் பார்த்திருந்தால் போதும். முன்பு இதைக் கையால் திருத்திப் பூட்டு போட்டிருந்தேன். பூட்டும் பழைய எண்ணோடு போய்விட்டது.

வீட்டு வீடியோக்களில் இன்னும் வேடிக்கை. ஆண்டுவாரியாகப் பிரித்த தொகுப்புகளில் ‘1904’ என்று ஒன்று முளைத்திருக்கிறது. உள்ளே என் மகள் முதன்முதலில் சைக்கிள் ஓட்டிய வீடியோ. எம்பி4 கோப்புக்குள் எடுத்த நேரம் 1904 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி என்ற கணக்காகத்தான் எழுதப்படுகிறது. கேமரா நேரம் எழுதாமல் விட்டால் அந்த இடத்தில் சுழி இருக்கும். சுழி என்றால் தேதி தெரியாது என்று கொள்ளவேண்டியதை, உங்கள் மென்பொருள் 1904 என்றே நம்பிவிட்டது. லூமியர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணம் வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பரில். அடுத்த பத்தாண்டுக்குள் என் மகள் சைக்கிளோடு வந்துவிட்டாள். புத்தாண்டு பிறந்த பத்தாம் நிமிடத்தில் எடுத்தவையோ முந்தைய ஆண்டில் கிடக்கின்றன. ஃபோன் உலகப் பொது நேரத்தில் எழுதியதை நீங்கள் உள்ளூர் நேரத்துக்கு மாற்றாமல் எடுத்துக்கொண்டதால் வந்த வினை.

வரிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது அழிவுக்கு முன்பிருந்தே உள்ள குறை. ‘அமைதியான இரவுக்கு’ என்ற தொகுப்பு ‘அம்மா எடுத்தவை’ என்ற தொகுப்புக்கு முன்னால் நின்றது. தமிழ் அகராதியில் மெய்யெழுத்து முன்னால் வரும், உயிர்மெய் பின்னால் வரும். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் தரப்பட்டிருக்கும் யூனிகோடு எண் வரிசையிலோ புள்ளி கடைசியில் இருக்கிறது. எண்ணைப் பார்த்து அடுக்குவது அகரவரிசை ஆகாது. தமிழுக்கான வரிசை விதிகள் பொதுத் தரத்தில் ஏற்கெனவே உள்ளன. எடுத்துப் பயன்படுத்தினால் போதும். அவசரமில்லை, ஆனால் மூன்று ஆண்டுகளாகச் சொல்கிறேன்.

உங்கள் சேவைப் பிரிவுடன் நடந்த கடிதப் போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் பதில்: நூலகத்தை மறுபடி ஸ்கேன் செய்து பாருங்கள். (ஸ்கேன்தான் அழித்தது என்று எழுதியிருந்தேன்.) இரண்டாவது பதில்: மேலே சொன்ன ஆறுதல். மூன்றாவதாக நான் பதிவுக் கோப்பை அனுப்பியபோது பதில் இல்லை. ஏழு நாள் கழித்து, ‘உங்கள் தரப்பிலிருந்து செயல்பாடு இல்லாததால்’ புகார் தானாக மூடப்பட்டதாக ஒரு மின்னஞ்சல். எழுதிய கடைசி ஆள் நான்தான். அங்கேயும் உங்கள் நிரல் பதில் வராததைப் பார்த்து ஆளே இல்லை என்று முடிவு செய்துவிட்டது.

இந்தப் புகார் ஒரு தடவை நடந்த விபத்தைப் பற்றியதல்ல. சென்ற வாரம் பத்துப் படங்களோடு ஒரு சோதனை நூலகம் அமைத்து, ஒரு தொகுப்பும் சில லேபிள்களும் சேர்த்து, டிஸ்க் பெட்டியின் நெட்வொர்க் வயரைக் கழற்றிவிட்டு ஸ்கேன் செய்தேன். உங்களுடைய புதிய பதிப்பில்தான். பத்தும் போயின. வயரை மாட்டினேன். பத்தும் புதிதாக வந்தன. தொகுப்பு வரவில்லை.

எனவே நான் கேட்பவை இவை. நீக்கிய பதிவுகளின் சுவடு தரவுத்தளக் கோப்பில் எஞ்சியிருக்கலாம். என் கோப்பைத் தருகிறேன், உங்கள் பொறியாளர் ஒருவர் அதைத் திறந்து மீட்க முயலவேண்டும். தொகுப்பும் லேபிளும் இனி பார்த்த குறிகளைப் போலவே வெளி அடையாளத்தோடு இணைக்கப்படவேண்டும். நூலகத்தில் கணிசமான பகுதி ஒரே ஸ்கேனில் காணாமல் போனால் எதையும் அழிக்காமல் என்னைக் கேட்கவேண்டும். ‘விலக்கு’ விதி நம்பியிருக்கும் லேபிள் நூலகத்திலிருந்தே மறைந்துவிட்டால் குழந்தையின் கணக்கைத் திறந்துவிடாமல் மூடிவைக்கவேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் காத்திருப்பேன். இந்தக் கடைசித் திருத்தத்துக்குக் காத்திருக்க முடியாது. அது வரும்வரை என் மகளின் கணக்கை நீக்கியிருக்கிறேன்.

முப்பது நாட்களுக்குள் ஒரு மனிதர் படித்து எழுதிய பதில் வரவேண்டும். மீட்க முடியாது என்றால் அதையும் நேராகச் சொல்லிவிட்டு, ஆயுள் சந்தாவாக நான் கட்டிய முழுத் தொகையையும் திருப்பி அனுப்புங்கள். இரண்டும் நடக்காவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் செல்வேன்.

மின்வெட்டு நாளின் பதிவுக் கோப்பு, சோதனை நூலகத்தின் பதிவுக் கோப்பு, நமது மின்னஞ்சல்களின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்

பி.கு.: 64 தொகுப்புகளில் 19இன் பெயரும் உள்ளடக்கமும் நினைவிலிருந்து எழுதிவிட்டேன். அவற்றை உங்கள் மென்பொருளில் ஏற்றவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன.