ரகு வந்த காட்டின் ஓரத்திலிருந்து, பெள்ளி அம்மாவுக்கு

அன்புள்ள பெள்ளி அம்மாவுக்கு,

வணக்கம். நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் உள்ள காட்டோரக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டரை ஏக்கர் ராகிக் கொல்லை இருக்கிறது. கொல்லையைத் தாண்டினால் ஒரு பள்ளம். பள்ளத்தின் மறுகரையிலிருந்து காடு. நீங்கள் பிள்ளையாக வளர்த்த யானைக்குட்டி ரகு, 2017-ஆம் ஆண்டில் எங்கள் மாவட்டத்திலிருந்துதான் முதுமலையில் உள்ள தெப்பக்காடு யானைகள் முகாமுக்கு வந்து சேர்ந்தான். அவனுடைய தாய் மின்சாரம் தாக்கி இறந்தது எங்கள் ஊரில் இல்லை. ஆனாலும் எங்கள் ஊரைப் போன்ற ஓர் ஊரின் ஓரத்தில்தான் அவள் விழுந்திருப்பாள் என்பதால், உங்களிடம் சொல்ல வேண்டியது எங்களுக்குச் சில உண்டு என்று வெகுநாள்களாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கி, உங்களையும் உங்கள் கணவர் பொம்மன் ஐயாவையும் ரகுவையும், அவனுக்குப் பின் நீங்கள் வளர்த்த குட்டி அம்முவையும் பற்றி எடுத்த 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' என்ற ஆவணப்படத்தை, 2023 மார்ச் மாதத்தில் அதற்கு ஆஸ்கர் கிடைத்த செய்தி வந்த பிறகுதான் நாங்கள் பார்த்தோம். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, என் மடிக்கணினியை ராகி மூட்டையின் மேல் வைத்து, அப்பாவையும் அம்மாவையும் எதிரே பாயில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். சுமார் நாற்பது நிமிடங்கள்தான் ஓடும் படம் அது. எங்கள் வீட்டில் இருவரும் ஒரு படத்தை இடையில் எழுந்து போகாமல் முழுதாகப் பார்த்து நான் கண்டது அன்றுதான்.

ஆங்கிலத் தலைப்புக்கு யானையின் காதோடு பேசுபவர்கள் என்று பொருள் சொல்லலாம். அது எனக்கு அவ்வளவாகப் பொருந்தியதாகப் படவில்லை. நீங்கள் ரகுவிடம் காதோடு பேசவில்லை, அம்மா. வாய்விட்டு, ஒரு வீட்டில் தாய் பிள்ளையிடம் பேசுவதைப் போலப் பேசினீர்கள். கொஞ்சினீர்கள், அதட்டினீர்கள், சாப்பிடச் சொன்னீர்கள். முதன்முதலாகப் பார்த்தபோது ஒரு சிறு குழந்தையைப் போல அவன் உங்கள் துணியைப் பிடித்து இழுத்ததையும், உங்கள் மகள் இறந்து நீங்கள் அழுதபோது அவன் தும்பிக்கையால் உங்கள் கண்ணீரைத் துடைத்ததையும் நீங்கள் சொல்லும் இடத்தில், என் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். முதல் கணவரைப் புலிக்குப் பறிகொடுத்தவர் நீங்கள்; அதற்குப் பிறகு காட்டை நினைத்தாலே அஞ்சியவர். அப்படிப்பட்டவரின் கையில் காட்டின் பிள்ளை ஒன்றே வந்து சேர்ந்தது எனக்கு இன்றும் ஆறாத வியப்பு. காட்டுநாயக்கர் குலத்தில் பிறந்த உங்களுக்குக் காடு அந்நியமான இடமாக ஒருபோதும் இருந்திருக்காது என்றாலும், அச்சம் வந்துவிட்ட ஓர் இடத்துக்கு ஒருவர் திரும்பிப் போவது சிறிய காரியம் இல்லை.

படம் அன்பைக் காட்டிய அளவுக்கு அந்த அன்பின் பின்னால் இருந்த உழைப்பைக் காட்டவில்லை என்பது என் குறை. பிறக்கும்போதே ஏறக்குறைய நூறு கிலோ எடையுள்ள பிள்ளை யானைக்குட்டி. தாயின் வயிற்றில் இருபத்திரண்டு மாதம் இருந்து பிறந்து, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தாய்ப்பாலை நம்பி வளர வேண்டிய உயிர் அது. பசும்பாலைக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு கண்டுவிடும். அந்த வயதுக் குட்டிக்கு வயிற்றுப்போக்கு என்றால் பெரும்பாலும் அதுவே முடிவு. ஆகவே மனிதக் குழந்தைகளுக்கான பால்மாவைக் கலக்கி, சூடு பார்த்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரவும் பகலுமாகப் புகட்ட வேண்டும். குட்டி தனியாகப் படுக்காது என்பதால் கூடவே படுக்கவும் வேண்டும். காட்டில் இந்த வேலையைத் தாய் மட்டும் செய்வதில்லை. யானைக் கூட்டம் என்பது பாட்டியும் பெரியம்மாவும் சித்தியும் அக்காவுமாக ஒரு பெரிய வீடு. குட்டி இடறி விழுந்தால் தூக்கிவிட நாலைந்து தும்பிக்கைகள் நீளும். அத்தனை பேர் சேர்ந்து செய்யும் வேலையை நீங்கள் இருவர் செய்தீர்கள். நாய்கள் கடித்த வாலோடும், புழு வைத்த புண்களோடும் வந்த குட்டி பிழைப்பது அரிது என்று பலரும் எண்ணியிருந்த நிலையில் அதைச் செய்தீர்கள்.

இனி, நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

வறட்சியில் உணவு தேடி ஊர்ப்பக்கம் வந்த யானைக் கூட்டத்தில் ரகுவின் தாய் மின்சாரம் தாக்கி இறந்தாள் என்பதைப் பொம்மன் ஐயா ஓரிரு வாக்கியங்களில் சொல்லிவிடுகிறார். படமும் அங்கே நிற்காமல் கடந்து போய்விடுகிறது. நாங்கள் மூவரும் அந்த வாக்கியத்தைக் கடக்க முடியாமல் அங்கேயே நின்றுவிட்டோம். ஏனென்றால் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் கார்த்திகையும் மார்கழியும் ராகி முற்றும் மாதங்கள். கர்நாடகத்துக் காடுகளிலிருந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைகள் இறங்கி வருவதும் அந்த மாதங்களில்தான். அவை வரும் பாதை எங்கள் பாட்டனார் காலத்துக்கும் முந்தையது. எங்கள் கொல்லைகள்தான் பிறகு வந்தவை. ஆயினும் அந்தக் கொல்லையில் ஓர் ஆண்டு முழுவதற்குமான சோறு நிற்கிறது. எங்கள் அப்பா முப்பது ஆண்டுகளாக அந்த இரண்டு மாதங்களும் வீட்டில் படுத்ததில்லை. மரத்தின் மேல் பரண் கட்டி, டார்ச்சும் தகர டப்பாவும் வைத்துக்கொண்டு, பனியில் கம்பளி போர்த்தி விழித்திருப்பார். நாங்கள் குழந்தைகளாக இருந்தபோது, டப்பா அடிக்கும் ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை வைத்தே யானை யாருடைய கொல்லையில் இருக்கிறது என்று படுக்கையிலிருந்தே சொல்லிவிடுவோம்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த ஆண்டில், அறுவடைக்கு நாலு நாள் இருக்கும்போது, ஏழெட்டு யானைகள் ஒரே இரவில் எங்கள் கொல்லையில் பாதிக்கும் மேல் முடித்துவிட்டுப் போயின. தின்றதைவிட மிதித்தது அதிகம். அந்த வாரமே அப்பா சந்தைக்குப் போய்ப் பெரிய கம்பிச் சுருள் ஒன்றை வாங்கி வந்தார். எதற்கென்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

அம்மா, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றை விளக்கிவிடுகிறேன். சூரிய மின்வேலி என்று முறையாக அமைக்கப்படும் வேலியில் மின்சாரம் நொடிக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவான ஒரு துடிப்பாக வந்து நின்றுவிடும். தொட்ட யானை வலியில் பின்வாங்கும்; உயிருக்கு ஒன்றும் ஆகாது. பம்புசெட்டு இணைப்பிலிருந்தோ, மேலே போகும் கம்பியில் கொக்கி போட்டோ திருட்டுத்தனமாக இழுக்கும் 230 வோல்ட் மின்சாரம் அப்படி விட்டுவிட்டு வருவதில்லை. தொட்ட தசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்கும் யானைக்கு அதிலிருந்து மீளும் வழியே இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கைக் கொல்வது எவ்வளவு பெரிய குற்றம் என்பது கம்பி கட்டுபவர்களுக்கும் தெரியும். தெரிந்தே கட்டுகிறார்கள். அவர்களை நான் கொடியவர்கள் என்று எழுதமாட்டேன், அவர்களில் சிலருடைய வீட்டில் நான் சாப்பிட்டு வளர்ந்தவள். அவர்கள் செய்வது சரி என்றும் எழுதமாட்டேன்.

எங்கள் வீட்டில் அந்தக் கம்பியைக் கட்டவிடாமல் தடுத்தவர் என் அம்மா. யானையின் மீது இரக்கப்பட்டுத் தடுத்தார் என்று எழுத எனக்கு ஆசைதான். உண்மை அதுவாக இருக்கவில்லை. விடியற்காலையில் இருட்டோடு கொல்லைக்குப் போகும் பிள்ளைகளும், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் மாடும் அதை மிதித்துவிடக்கூடும் என்ற பயத்தால்தான் தடுத்தார். அந்தப் பயம் அன்று எங்களைக் காப்பாற்றியது. இல்லாமல் போயிருந்தால், ரகுவைப் போன்ற ஒரு குட்டி எங்கள் கொல்லை வரப்பில் தாயின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கலாம். அந்தக் காட்சியை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். ரகு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதைத் திரையில் பார்த்தபோதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

படத்தில் யானைகளுக்கு உணவு கொடுக்கும் இடம் வந்தபோது அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். முகாம் யானைகளுக்கு ராகியும் கொள்ளும் வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்து உருண்டை பிடித்து வாயில் கொடுப்பார்கள் என்று நான் அவருக்குச் சொன்னேன். "அங்கயும் ராகிதான் போடறாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. எங்கள் பக்கத்துக்கு யானைகள் எதற்காக வந்து சாகின்றனவோ, அதே தானியத்தை நீங்கள் கையால் உருட்டி ஊட்டுகிறீர்கள் என்பது அவருக்குள் எப்படி இறங்கியது என்று எனக்குத் தெரியாது. படம் முடிந்த பிறகு வெளியே போய் வெகுநேரம் களத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ரகுவை உங்களிடமிருந்து பிரித்து வேறொரு பாகனிடம் ஒப்படைத்த பகுதியைப் பற்றி ஊரில் பலரும் கோபத்தோடு பேசினார்கள். எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. வளர்ந்துவிட்ட ஆண் யானையைக் கட்டியாளத் தனியாக ஒருவர் வேண்டும் என்பதும், முகாமில் அதற்கென ஒரு நடைமுறை உண்டு என்பதும் புரிகிறது. ஆனால் ஒரு பிள்ளையைக் கொடுக்கும்போது உறவாகக் கொடுத்துவிட்டு, எடுக்கும்போது பணியிட மாற்றமாக எடுத்துக்கொண்டார்கள் என்ற எண்ணத்தை என்னால் விலக்க முடியவில்லை. அவன் போன பிறகு அம்மு பாலைக்கூடத் தொடாமல் கிடந்ததைப் பார்த்தபோது, கோப்பில் எழுதப்படாத உறவு ஒன்றும் அந்தக் கொட்டகையில் இருந்தது என்பது தெரிந்தது. சத்தியமங்கலத்துக் காட்டிலிருந்து 2019-இல் வந்த அந்தப் பெண்குட்டிக்குப் பெற்ற தாய்க்குப் பிறகு நீங்கள், உங்களோடு ஓர் அண்ணன். அந்த அண்ணனும் போய்விட்டான் என்றால் அவள் வேறென்ன செய்வாள்?

2023 ஆகஸ்டில் முதலமைச்சரின் கையால், பாகனுக்கு உதவியாக யானையைப் பராமரிக்கும் காவடிப் பணிக்கான ஆணையை நீங்கள் பெற்றுக்கொண்ட படத்தைச் செய்தித்தாளில் பார்த்தேன். காவடியாக நியமிக்கப்பட்ட முதல் பெண் நீங்கள் என்று எழுதியிருந்தார்கள். தற்காலிக ஊழியராக நீங்கள் அத்தனை காலம் செய்த வேலைக்கு ஒரு பெயரும் ஊதியமும் வந்தது எனக்கு ஆஸ்கரைவிடப் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது.

இன்னொன்றையும் நான் மறக்கவில்லை. உலகமே உங்கள் இருவரின் பெயரைச் சொன்ன அந்த நாளில் பொம்மன் ஐயா உங்கள் அருகில் இல்லை. தாயை இழந்த குட்டிகளைப் பார்க்கத் தர்மபுரி மாவட்டத்துக்குப் போயிருந்தார். அந்த மார்ச் மாதத்தின் தொடக்கத்தில்தான் மாரண்டஅள்ளிப் பக்கத்தில் திருட்டு மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்து, இரண்டு குட்டிகள் தனித்து நின்றன. அதே மாதத்தில் தர்மபுரிப் பக்கம் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட இன்னொரு குட்டி உங்கள் முகாமுக்கு வந்து, சில நாள்களிலேயே இறந்தும் போனது. எங்கள் காடும் அந்தக் காடும் அடுத்தடுத்து இருப்பவை. 2022 நவம்பரில் இரண்டு மாவட்டங்களிலும் உள்ள காட்டுப் பகுதிகளைச் சேர்த்துக் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். அறிவிப்பு வந்து ஐந்து மாதத்துக்குள் நடந்தவை இவை. ரகுவின் கதையை முடிந்துபோன கதையாக என்னால் பார்க்க முடியாததற்கு அதுவே காரணம்.

அப்பாவுக்கு இப்போது பரணில் ஏறி உட்கார முடிவதில்லை. கொல்லையில் பாதியில் ராகி போடுவதை நிறுத்திவிட்டோம். அந்தக் கம்பிச் சுருள் இத்தனை ஆண்டுகளாக மாட்டுக் கொட்டகை மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது. போன தை மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது அது அங்கே இல்லை. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டதாக அம்மா சொன்னார். எப்போது என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் எழுதப்போகிறேன் என்று சொன்னதும், உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார் என் அம்மா. நாய் கடித்த ரகுவின் வாலில் இப்போது முடி முளைத்திருக்கிறதா? மழைக்காலத்தில் ஈ மொய்த்தால் விரட்ட வால்தானே வேண்டும் என்று அவருக்குக் கவலை. நீங்கள் அவனைப் பார்க்கும்போது கவனித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு மகள்