தரம் 5 குழுவில் இருந்த ஓர் அம்மாவுக்கு

வணக்கம்.

உங்கள் இளைய மகளின் பெயரை வரும் வருட இடாப்பில் பார்த்தேன். தரம் 5, என் வகுப்பு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாசலில் கண்டால் சிரித்துவிட்டுப் போகிறோமே தவிர, 2021இல் கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தபோது நடந்ததைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் இதுவரை ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஜனவரியில் புது வட்ஸ்அப் குழு தொடங்க முன்னம் கதைத்துவிடுவது நல்லது. ஏன் பகிரங்கமாக எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். நீங்களும் அன்றைக்கு முகநூலில் பகிரங்கமாகத்தானே எழுதினீர்கள். பயப்பட வேண்டாம், நான் பெயர் போடவில்லை. நீங்களும் போடவில்லை, ஆனாலும் ஊருக்கு யாரென்று விளங்கிவிட்டது.

"வீட்டில் இருந்து சம்பளம் எடுக்கும் ரீச்சர்மார்" என்று தொடங்கியது உங்கள் பதிவு. என் வொய்ஸ் மெசேஜையும் கூடவே போட்டிருந்தீர்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு வரும் கேள்விகளுக்கு அடுத்த நாள்தான் பதில் தர முடியும் என்று அதில் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். கொமென்டுகளில் வந்தவர்களில் பாதிப்பேர் கனடா, லண்டன். பழைய மாணவர் ஒருவர் என்னை இடமாற்றச் சொன்னார். மண்டபத்துக்குக் கூரை போடக் காசு அனுப்பியவர் அவர் என்பதால், அதிபரும் என்னைக் கூப்பிட்டு 'கொஞ்சம் பார்த்து நடவுங்கோ' என்றார். சரி, அது போகட்டும்.

எங்கள் வீட்டில் அப்போது ஒரே ஒரு நல்ல போன்தான். பகலில் அது மகளின் சூம் வகுப்புக்கு. பின்னேரம் என் கைக்கு வரும்போது கொப்பிப் படங்கள் வந்து குவிந்திருக்கும், பாதி தலைகீழாக, பாதி இருட்டாக. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துத் திருத்தி, அதையே திரும்பப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ரீலோட் என் காசில். இதை நான் அன்று குழுவில் சொல்லவில்லை. சொன்னால் அதையும் ஸ்க்ரீன்ஷொட் எடுத்திருப்பீர்கள்.

உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும். 2020 மார்ச் 13இல் பள்ளிக்கூடங்களை மூடியபோது உங்கள் மூத்தவன் தரம் 4. ஒரு கிழமையில் ஊரடங்கு வந்தது. அரியாலைத் தேவாலய ஆராதனையில் தொற்றுப் பரவியதோடு யாழ்ப்பாணம் அபாய மாவட்டமாகி, மற்ற இடங்களில் தளர்த்தியபோதும் எங்களுக்குத் தளரவில்லை. ஜூலையில் கட்டம் கட்டமாகத் திறந்தார்கள், ஒக்டோபரில் மூடினார்கள், பிறகு திறந்தார்கள், 2021 ஏப்ரலில் திரும்பவும் மூடினார்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை, இரண்டு வருடத்தில் ஒழுங்காக ஒரு தவணை படிக்கவில்லை. எந்தத் தாய்க்குத்தான் கோபம் வராது?

அதற்குள் ஜூலை 12 முதல் நாங்கள் ஒன்லைன் கற்பித்தலை நிறுத்தினோம். நானும்தான். 1997இலிருந்து இழுபட்டு வந்த எங்கள் சம்பள முரண்பாட்டுக்கான போராட்டம் அது. நாங்கள் நிறுத்துவதற்கு நாலு நாள் முன்னம், பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள கொத்தலாவல பல்கலைக்கழகத்துக்கான சட்டமூலத்துக்கு எதிராக நின்ற ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினைப் பிடித்து, பிணை கிடைத்த பிறகும் தனிமைப்படுத்தல் என்று முல்லைத்தீவுக்கு ஏற்றினார்கள். அந்தப் போராட்டத்தில் நின்றதற்கு எனக்கு இன்றைக்கும் வெட்கம் இல்லை. ஆனால் உங்கள் கேள்வி ஒன்றுக்கு எங்கள் ஆட்கள் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு சூம் இல்லை என்று நின்ற சிலர், அதே நாட்களில் காசுக்கு ரியூசன் சூம் நடத்தினார்கள். நீங்கள் கேட்டது முழுக்க நியாயம். சங்கக் கூட்டங்களில் அந்தக் கதை வந்தால் எல்லோருக்கும் திடீரென்று தேநீர் குடிக்க வேண்டிவந்தது.

அதனால் அந்தப் பதிவைப் பற்றி எனக்குப் பெரிய மனத்தாங்கல் இல்லை. எனக்கு இன்றுவரை ஆறாதது வேறு ஒன்று.

எங்கள் வகுப்பில் பத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அந்தக் குழுவிலேயே இல்லை. சிலர் வீட்டில் பட்டன் போன். சிலர் வீட்டில் நல்ல போன் இருந்தும் அது தகப்பனோடு கடலுக்குப் போய்விடும், அல்லது அதில் டேட்டா இருக்காது. நாள் கூலி நின்றுபோன வீட்டில் யார் ரீலோட் போடுவது? அந்த அம்மாமார் ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசுவதற்கும் டேட்டா வேண்டும். அவர்களுக்கென்று செயலட்டைகளைப் போட்டோக்கொப்பி எடுத்துச் சந்திக் கடையில் கொடுத்து வைப்பேன். மரக்கறி வாங்க வருபவர்கள் எடுத்துப் போவார்கள். அவர்களும் எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அடுத்த பாடத்தை இரண்டு நாள் தள்ளினேன். அன்றைக்குக் குழுவில் ஒருவர் எழுதினார்: "வராத பிள்ளைகளுக்காக எங்கட பிள்ளைகள் காத்திருக்க ஏலாது." வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. அதில் உங்களுடையதும் இருந்தது. அதே கிழமையில்தான் "எங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு யார் பொறுப்பு" என்றும் எழுதினீர்கள். அந்த "எங்கள்" கணக்கில் அந்தப் பத்துப் பேரும் இருந்தார்களா? நாங்கள் சண்டை பிடித்த அத்தனை மாதமும் அவர்களின் வீட்டிலிருந்து ஒரு வரி வரவில்லை. வராததை நாங்களும் கவனிக்கவில்லை, நீங்களும் கவனிக்கவில்லை.

ஒக்டோபர் 21இலிருந்து சிறிய பள்ளிக்கூடங்களைத் திறந்தார்கள், 25ஆம் திகதி நாங்கள் கடமைக்குத் திரும்பினோம். வகுப்பில் ஒருவன் தன் முழுப்பெயரை எழுதத் தடுமாறினான். இன்னொருவன் வரவேயில்லை. தகப்பனோடு மீன்வலை வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். பரீட்சை 2022 ஜனவரி 22 நடந்தது. உங்கள் மகன் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தான். ரியூசன் சேருக்கு நன்றி சொல்லிக் கேக் படத்தோடு பதிவு போட்டிருந்தீர்கள். நானும் ஒரு லைக் போட்டேன். கெட்டிக்காரப் பிள்ளை, மெய்யாகவே சந்தோசம்.

இனி வரும் வருடத்துக்கு வருவோம். குழுவில் அறிவித்தல் மட்டும் போதும் என்று நினைக்கிறேன். கேள்விகளைப் பின்னேரம் ஏழு மணிக்குள் அனுப்பட்டும். முறைப்பாடு இருந்தால் புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வந்து முகத்துக்கு நேரே சொல்லட்டும், நான் இருப்பேன். அட்மினாக நீங்களே இருங்கள். உங்களைப்போல் ஒருவர் அட்மினாக இருந்தால் மற்றவர்கள் அடங்கியிருப்பார்கள்.

இன்னொன்று. வரும் வகுப்பிலும் போன் இல்லாத வீடுகள் இருக்கின்றன, அதில் ஒன்று உங்கள் ஒழுங்கையில். பெயரை இங்கே எழுத மாட்டேன். குழுவில் அறிவித்தல் விழுந்தால் அந்த வீட்டுக்கு உங்கள் மகள் போய்ச் சொல்ல வேண்டும், செயலட்டை என்றால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சம்மதம் என்றால் தவணை தொடங்க முன்னம் ஒருக்கா பள்ளிக்கூடப் பக்கம் வாருங்கள், விபரம் தருகிறேன்.

இப்படிக்கு,
வகுப்பு ரீச்சர்