பதிவேடு இருக்கிறது, பார்க்க வழியில்லை: தொலைதூரப் பகுதிகளின் வழக்குப் பதிவுகளுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நகரங்களை விட்டு வெகுதூரம் விலகிய பகுதிகளில் நீதிமன்றப் பதிவறைகளையும் காவல் நிலையக் குறிப்பேடுகளையும் ஓட்டுநர் உரிமப் பதிவுகளையும் பேணிவரும் உங்கள் அனைவருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். குடித்துவிட்டு வாகனம் ஓட்டியதாக ஒருவர் மீது தொடரப்பட்ட வழக்கு, திறந்த நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு முடிந்த பிறகு, பொது ஆவணமாகிவிடுகிறது என்று சொல்கிறோம். அந்த ஆவணத்தைப் பார்க்கும் உரிமை உள்ள ஒரு சாதாரண மனிதர் உங்கள் பகுதிக்கு வந்தால், அவரால் அதைத் தேடி எடுக்க முடிகிறதா? முடியவில்லை என்பதை நான் அனுபவித்து அறிந்தேன். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

சிதறிக் கிடக்கும் எங்கள் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வண்டிக்கு ஓட்டுநர் ஒருவரை அமர்த்த வேண்டியிருந்தது. பெற்றோர் குழு அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தது. விண்ணப்பித்தவர்களுள் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்பு குடிபோதையில் வண்டி ஓட்டிப் பிடிபட்டவர் என்று ஒருவர் சொன்னார். அது இவரல்லர், இதே பெயருள்ள வேறொருவர் என்று இன்னொருவர் சொன்னார். ஊர்ப்பேச்சை நம்பி ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. விசாரிக்காமல் பிள்ளைகளை அவருடன் அனுப்பவும் துணிவு வரவில்லை. ஆவணத்தையே பார்த்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும் என்று எண்ணிக் கிளம்பினேன்.

முதல் பயணத்தில் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. எழுத்தர் வாரத்தில் சில நாட்கள்தான் அங்கே அமர்வார், மற்ற நாட்களில் வேறு நீதிமன்றத்தில் பணியாற்றுவார் என்பது கதவருகே நின்றிருந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. இரண்டாம் முறை போனபோது, வழக்கு எண் என்ன என்று எழுத்தர் கேட்டார். வழக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன் என்றேன். எண் இல்லாமல் எடுக்க முடியாது என்றார். ஆனாலும் என் முகத்தைப் பார்த்து இரங்கி, உள்ளே போய் மூன்று தடித்த பதிவேடுகளைச் சுமந்துவந்து மேசைமேல் வைத்தார். அந்த நல்ல மனிதர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. எந்த அலுவலகம் என்பதையும் நான் சொல்லப் போவதில்லை, ஏனெனில் இது ஓர் அலுவலகத்தின் குறையன்று.

பதிவேடுகள் தேதி வரிசையில் இருந்தன. பெயர் அகரவரிசை எதுவும் இல்லை. பக்கம் பக்கமாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். நான் தேடிய பெயர் இரண்டு இடங்களில் வந்தது. ஓரிடத்தில் தந்தை பெயருக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. மற்றோரிடத்தில் முதலெழுத்தே மாறியிருந்தது. குற்றப் பிரிவு எழுத வேண்டிய கட்டத்தில் 'மேற்படி' என்று இருந்தது. அதற்கு மேலே உள்ள வரியிலும் 'மேற்படி'. நான்கு பக்கங்கள் பின்னோக்கிப் புரட்டி, எந்த வரிக்கு 'மேற்படி' என்று கண்டுபிடித்தபோது, அந்த வரியில் நீர்பட்டு மை கலைந்திருந்தது. அந்த இரண்டு பேருமே குடித்துவிட்டு ஓட்டியவர்களா, விளக்கில்லாத வண்டியை ஓட்டியவர்களா என்று சொல்ல அந்த ஏட்டால் முடியவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது. "அப்படி எதுவும் இல்லை போலிருக்கிறது" என்று எழுத்தர் வாய்மொழியாகச் சொன்னதோடு திரும்பினேன்.

பதிவறையில் சொல்லப்படும் 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை பொருள்கள் அடங்கியிருக்கின்றன என்பதை அதன் பிறகுதான் யோசித்தேன். அப்படி ஒரு வழக்கு எக்காலத்திலும் பதிவாகவில்லை என்பது ஒரு பொருள். வழக்கு உண்டு, ஆனால் அடுத்த எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில் இருக்கிறது என்பது இன்னொரு பொருள். தொலைதூரப் பகுதியில் ஒரே சாலை இரண்டு மூன்று எல்லைகளைக் கடந்து செல்லும், வண்டி மடக்கப்பட்ட இடம் எதுவோ அதைப் பொறுத்தே வழக்கு எங்கே போய்ச் சேரும் என்பது அமையும். காவலர் மடக்கியிருக்கலாம், மூச்சுப் பரிசோதனையும் நடந்திருக்கலாம், ஆனால் வழக்கு நீதிமன்றத்தை எட்டாமலே நின்றிருக்கலாம். ஆவணத்தைப் பேணவேண்டிய காலம் முடிந்து கட்டு அழிக்கப்பட்டிருக்கலாம். சட்டம் இடம்தரும் நாடுகளில் நீதிமன்ற ஆணையின்பேரில் அது பார்வைக்கு மூடப்பட்டிருக்கலாம். இவை அத்தனைக்கும் பதில் ஒரே 'இல்லை' தான் என்றால், அந்தப் பதிலைக் கேட்டுச் செல்பவர் கையில் எதுவும் இல்லாமல்தான் போகிறார்.

குற்றத்தின் பெயரே தேடுபவரை ஏமாற்றிவிடுவதும் உண்டு. பிரிட்டனில் அளவுக்கு மேல் குடித்து ஓட்டியதற்கான உரிமக் குறியீடு டி.ஆர். 10, ஓட்டிப் பிடிபட்டவர் பரிசோதனைக்கு மாதிரி தர மறுத்தால் குறியீடு டி.ஆர். 30. இரண்டுமே தண்டனை நாளிலிருந்து 11 ஆண்டுகள் ஓட்டுநர் பதிவில் நிற்கும். முதல் குறியீட்டை மட்டும் தேடுகிறவருக்கு, ஊதவே மாட்டேன் என்று மறுத்தவர் தென்படமாட்டார். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குடிபோதை வழக்கு, பொறுப்பற்று ஓட்டிய வழக்காகக் குறைக்கப்பட்டு ஒப்புக்கொள்ளப்படுவது உண்டு. ஆனால் அப்படிக் குறைக்கும்போது மது அருந்தியிருந்தாரா என்பதை அரசுத் தரப்பு பதிவில் சொல்ல வேண்டும் என்று அங்குள்ள வாகனச் சட்டத்தின் 23103.5ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. அந்த ஒரு வரி ஏட்டில் இருப்பதால்தான் பின்னால் தேடுபவருக்கு உண்மை தெரிகிறது. நான் பார்த்த பதிவேட்டில் அப்படி ஒரு வரிக்கு இடமே இல்லை.

அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரத்தத்தில் இவ்வளவுக்கு மேல் மது இருந்தால் குற்றம் என்று எண்ணால் வரையறுத்த முதல் நாடு நார்வே, ஆண்டு 1936. அமெரிக்காவில் ராபர்ட் போர்கன்ஸ்டீன் 1954இல் மூச்சை ஊதி அளக்கும் கருவியை உருவாக்கிய பிறகு, சாலையோரத்திலேயே அந்த எண்ணைக் காண முடிந்தது. இன்று இந்தியாவில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் குற்றம். இங்கிலாந்தில் 80 மில்லிகிராம் தாண்டினால்தான் குற்றம். ஓரிடத்தில் தண்டிக்கப்பட்டவர் இன்னோரிடத்தில் குற்றமே செய்யாதவராக இருக்கலாம். வழக்கே அந்த எண்ணின்மீது நிற்கும்போது, எண்ணை எழுதாத பதிவை முழுப் பதிவு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சிறிய ஊர் நீதிமன்றங்களின் ஏட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதற்கு ஒரு பழைய வழக்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில், லிஞ்ச் என்ற சிறிய நிலக்கரிச் சுரங்க ஊரில், குடிபோதையில் வண்டி ஓட்டியதாகப் பிடிபட்ட ஒருவரை விசாரித்த நீதிபதி சட்டம் படித்தவரல்லர். அவரே ஒரு சுரங்கத் தொழிலாளி. முதல் குற்றத்துக்கு அபராதம் மட்டுமே விதிக்கச் சட்டம் இடம் தந்திருந்தும், அவர் 30 நாள் சிறைத் தண்டனை விதித்தார். 1976இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சட்டம் படிக்காத நீதிபதி விசாரிப்பதை ஏற்றுக்கொண்டது. மேல் நீதிமன்றத்தில் முழு விசாரணையையும் புதிதாகக் கேட்கும் உரிமை இருக்கிறது என்பதே அதற்கு அது சொன்ன முக்கியக் காரணம். அந்த உரிமை எவ்வளவு அருமையானதாக இருந்தாலும், மேல் நீதிமன்றத்தின் முடிவு கீழே உள்ள ஏட்டுக்கு வந்து சேராவிட்டால், தவறாக விதிக்கப்பட்ட தண்டனைதான் தேடுபவர் கண்ணில் படும். மேல்முறையீட்டில் விடுதலையானவர் உங்கள் பதிவேட்டில் காலமெல்லாம் குற்றவாளியாகவே இருந்துவிடுவார்.

சட்டத்தில் உரிமை இல்லாமல் இல்லை. அரசு ஆவணங்களை மக்கள் பார்க்கலாம் என்று ஸ்வீடன் 1766இலேயே சட்டம் செய்தது. ஆனால் எந்தச் சன்னலில் கேட்பது என்பதில்தான் வெளியூரிலிருந்து வருகிறவர் தடுமாறுகிறார். அமெரிக்காவின் 1966ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம் மத்திய அரசின் நிர்வாகத் துறைகளுக்குரியது. நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ஆனால் வழக்குக் கட்டுகளின் நகலை அந்தந்த நீதிமன்ற விதிகளின்படிதான் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது. இது தெரியாமல் தவறான சன்னலில் மனுக் கொடுத்து, ஒரு மாதம் காத்திருந்து, வேறு மனுவோடு வேறு அலுவலகம் செல்லுங்கள் என்ற பதிலைப் பெறுகிறவருக்கு, ஒவ்வொரு பதிலும் ஒரு நாள் கூலியையும் ஒரு நாள் பயணத்தையும் விழுங்குகிறது. எந்த ஆவணம் எங்கே, எந்த நாளில், எந்த மனுவுக்குக் கிடைக்கும் என்று கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டிவைப்பதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை.

இணைய வசதி இல்லை, ஆள் போதவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். அது உண்மை என்பதை நான் நேரிலேயே பார்த்தேன். ஆனால் 2016இல் இந்திய உச்ச நீதிமன்றம் முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று ஆணையிட்டபோது, இணைப்புச் சரியில்லாத இடங்களுக்கு 72 மணி நேரம் வரை அவகாசம் தந்ததை எண்ணிப் பாருங்கள். தொலைவின் சிரமத்தை அந்த ஆணை ஏற்றுக்கொண்டது. அதற்காகக் கூடுதல் நேரம் கொடுத்தது. தொலைவில் இருக்கிறீர்கள் என்பதற்காகக் கடமையிலிருந்து விடுவிக்கவில்லை. நான் உங்களிடம் கேட்பதும் அதைத்தான். நகரத்தில் ஒரு மணி நேரத்தில் கிடைப்பது உங்களிடம் பத்து நாளில் கிடைக்கட்டும், அஞ்சலில் வரட்டும், ஆனால் கிடைக்கட்டும்.

எல்லாப் பெயர்களையும் இணையத்தில் கொட்டிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறிய இடத்தில், எப்போதோ ஒரு முறை தவறு செய்து தண்டனையும் அனுபவித்து முடித்தவரின் பெயரைத் தெருவெல்லாம் பரப்புவது அவரை வாழவிடாமல் செய்வதாகும். அந்த அச்சம் நியாயமானது என்பதால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகளின் 10ஆம் பிரிவு, குற்றத் தண்டனைத் தகவல்களைத் தனிக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. எதை மறைப்பது, எதைக் காட்டுவது என்று கோடு போட முடியாததும் அன்று: அமெரிக்காவில் 1994இல் வந்த ஓட்டுநர் அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம் உரிமப் பதிவில் உள்ள முகவரி, படம் போன்றவற்றைக் காக்கிறது, விபத்துகளையும் விதிமீறல்களையும் உரிமத்தின் நிலையையும் அந்தக் காப்புக்குள் சேர்க்கவில்லை. குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிக் காரணத்தோடு கேட்பவருக்குக் குறிப்பான பதிலைத் தருவது வேறு, எல்லோருக்கும் பறைசாற்றுவது வேறு. முதலாவதையே நான் கேட்கிறேன்.

ஆகவே, முதலில் பெயர் வழியாகத் தேடும் அகரவரிசை ஒன்றைத் தொடங்குங்கள். கையால் எழுதிய ஏடாக இருந்தாலும் போதும். பெயருக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டோ உரிம எண்ணோ கட்டாயம் இருக்கட்டும். ஒரே பெயருள்ள இருவரைப் பிரித்துக்காட்ட வேறு வழியில்லை. குற்றப் பிரிவையும் அளவையும் 'மேற்படி' என்று எழுதாமல் ஒவ்வொரு வரியிலும் முழுமையாக எழுதுங்கள். தண்டனையா, விடுதலையா, தள்ளுபடியா, மேல்முறையீட்டில் மாறியதா என்ற முடிவு அந்த வரியிலேயே இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தேடிக் கிடைக்காதபோது, எந்தப் பதிவேடுகளில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தெந்த எழுத்து வடிவில் பெயரைத் தேடினீர்கள் என்பதைக் குறிப்பிட்டு, கையொப்பமும் முத்திரையும் இட்ட ஒரு சான்றைக் கொடுங்கள். அப்போதுதான் உங்கள் 'இல்லை' எவ்வளவு தூரம் செல்லும் என்பது கேட்பவருக்குத் தெரியும்.

இந்தச் சான்றை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் வெறுங்கையோடு திரும்பிய சில நாட்களில் அந்த ஓட்டுநரே என் வீட்டுக்கு வந்தார். தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உரிமத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "இந்த எண்ணை வைத்துத் தேடுங்கள், நான் அவனில்லை என்று ஒரு காகிதம் வாங்கிக் கொடுங்கள்" என்றார். அவரும் எனக்கு முன்பே அதே சன்னலுக்குப் போய், அதே கேள்வியைக் கேட்டு, வழக்கு எண் இல்லாமல் திரும்பியவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிள்ளைகளுக்காக நான் தேடியதும் தன் பெயருக்காக அவர் தேடியதும் ஒரே காகிதம்தான்.

அந்த வேலைக்கு இன்னும் எவரையும் அமர்த்தவில்லை. பெற்றோர்களே முறை வைத்து வண்டியை ஓட்டி வருகிறோம். அவருடைய ஒப்புதலோடு, உரிம எண்ணையும் பிறந்த ஆண்டையும் குறிப்பிட்டு, எழுத்துப்பூர்வமான தேடல் சான்று கோரி மனு ஒன்றை அனுப்பியிருக்கிறேன். அதற்கான பதிலுக்கு அவரும் நாங்களும் காத்திருக்கிறோம்.

பணிவுடன்,
பள்ளி வண்டிக்கான பெற்றோர் குழுவின் சார்பில்,
ஒரு பெற்றோர்