இன்ஜினுக்குப் போர் போடும் முன் கம்ப்ரஷனை அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாடிப்பட்டி வட்டாரத்தில், சிறுமலை அடிவாரத்தில் உள்ள எங்கள் தென்னந்தோப்பில் உரமூட்டை ஏற்றிச் செல்ல ஏ.டி.வி. எனப்படும் நான்கு சக்கர வண்டி ஒன்றை வைத்திருக்கிறோம். கோடையில் அது கிளம்ப மறுக்கவே, மதுரையில் ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றோம். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, "கம்ப்ரஷன் இல்லை, போர் போட வேண்டும்" என்றார்; அதாவது, சிலிண்டருக்குள் அழுத்தம் சேரவில்லை, அதன் உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும் என்பது பொருள். சிலிண்டர் லேத்துக்குப் போய், புது பிஸ்டனும் ரிங்கும் மாட்டிய பிறகும் கோளாறு தீரவில்லை.

பிறகு ஊரில் வயதான மெக்கானிக் ஒருவர், பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜ் என்னும் அழுத்தமானியைத் திருகி, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்து பிடித்தபடி, முள் மேலே ஏறாமல் நிற்கும் வரை செல்ஃபைச் சுற்றினார். சதுர அங்குலத்துக்கு 45 பவுண்டில் முள் நின்றது. துளை வழியாக ஒரு சிறு கரண்டி இன்ஜின் ஆயிலை ஊற்றி மறுபடியும் சுற்றியபோதும் அதே 45. தேய்ந்த ரிங்காக இருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து முள்ளை ஏற்றியிருக்கும்; ஏறாததால் கசிவு வால்விலோ, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட்டிலோ இருக்க வேண்டும் என்றார். ஹெட்டைக் கழற்றியபோது, புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு ஓரிடத்தில் கருகி அரித்திருந்தது. வால்வை மாற்றி, அது இருக்கையில் சரியாகப் பொருந்தத் தேய்த்து (லேப்பிங்), வால்வைத் தள்ளும் பாகத்துக்கும் வால்வுக்கும் உள்ள டேப்பட் இடைவெளியைச் சரிசெய்ததும் வண்டி முதல் சுற்றிலேயே கிளம்பியது. தேவையற்ற லேத் கூலியும், தோப்பு வேலை நின்ற நாட்களும் எங்களுக்கு நஷ்டம்.

இத்தகைய வண்டிகள் பலவற்றில், செல்ஃப் எளிதாகச் சுற்றுவதற்காக எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே தூக்கிப் பிடிக்கும் டிகம்ப்ரஷன் அமைப்பு, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் இருப்பதால், நல்ல இன்ஜினிலும் கேஜ் குறைவாகவே காட்டும். ஆகையால் பைக்குக்குரிய அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், அந்தந்த வண்டியின் சர்வீஸ் மானுவலில் உள்ள அளவோடுதான் ஒப்பிட வேண்டும். அப்போதும் சந்தேகம் இருந்தால், பிஸ்டனை இரு வால்வுகளும் மூடிய மேல்நிலையில் நிறுத்திக் காற்றைச் செலுத்தி, அது சைலன்சரிலா, கார்பரேட்டரிலா, ஆயில் ஊற்றும் வாயிலா வெளியேறுகிறது என்று காது கொடுத்துக் கேட்டு, கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கலாம்.

கழற்றும் முன் எடுத்த அளவையும், ஆயில் ஊற்றிய பின் எடுத்த அளவையும் பட்டறைகள் பில்லிலேயே எழுதித் தர வேண்டும். கே.புதூர் அரசு தொழிற்பயிற்சி நிலையம், கிராமப்புற மெக்கானிக்குகளுக்கு இதை ஒரு நாள் செய்முறைப் பயிற்சியாக நடத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
வாடிப்பட்டி.