சொட்டு மருந்து கொண்டுபோகும் பெண்களுக்கு என்ன பாதுகாப்பு?

உலகப் போலியோ ஒழிப்பு முன்முயற்சியின் மேற்பார்வைக் குழுவினருக்கு,

வணக்கம்.

போலியோவை ஒழிக்கும் காலக்கெடுவை மறுபடியும் தள்ளி வைத்திருக்கிறீர்கள். 1988இல் தொடங்கியபோது 2000க்குள் முடிப்பதாகச் சொன்னது. இப்போது இயற்கையாகப் பரவும் காட்டுவகை வைரஸுக்கு 2027, சொட்டு மருந்திலுள்ள பலவீனமான வைரஸ் திரிந்து உண்டாகும் இரண்டாம் வகைக்கு 2029. சரி, தேதி தள்ளிப்போனதில் எனக்குக் கோபமில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,50,000 பேரை முடக்கிய நோயின் காட்டுவகையைப் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் என்று இரண்டு நாடுகளுக்குள் ஒடுக்கியது லேசான வேலையில்லை. அந்த வேலையைத் தோளில் சுமந்து நடக்கும் பெண்களை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

குப்பியின் லேபிளில் ஒரு சின்னச் சதுரம் உண்டு. சூடு பட்டால் கறுத்துவிடும். அப்புறம் அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. மருந்து கெடாமலிருக்க இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறீர்கள். அதை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு விட்டு, சுண்டுவிரலில் மை வைக்கிறாரே, அவர் உயிரோடு வீடு திரும்ப என்ன ஏற்பாடு? 2012 டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவரிலும் இந்தப் பெண்களைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானில் ஒரே நாளில் எட்டுப் பணியாளர்கள். காவலுக்குப் போன போலீஸ்காரர்களும் செத்திருக்கிறார்கள்.

இந்தப் பகை தானாக வந்ததில்லை. பின்லேடனைத் தேட அமெரிக்க உளவுத்துறை பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி என்று சொல்லி நாடகம் நடத்தியது. அந்தப் பழி இந்தப் பெண்கள் தலையில் விழுந்தது. போதாக்குறைக்கு, 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை வைரஸை நீக்கினீர்கள். அதன்பின் பல நாடுகளில் அதே வகையின் திரிந்த வைரஸ் பரவியது. நிறையக் குழந்தைகள் மருந்து பெறாத இடத்தில்தான் அது சுற்றிச் சுற்றித் திரிகிறது. ஆனால் “மருந்தாலேயே போலியோ வருமாமே?” என்று ஒரு தாய் கேட்கும்போது, இதையெல்லாம் வாசலில் தனியாக நின்று விளக்க வேண்டியவர் அந்தப் பெண்தான். எந்த அரசாவது அவருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறதா? நிதியைக் குறைக்க மட்டும் எல்லா அரசுகளுக்கும் தெரிகிறது.

முடியாது என்று சொல்லாதீர்கள். 2024இல் காசாவில் 10 மாதக் குழந்தைக்குக் கால் முடங்கியபோது, சொட்டு மருந்துக்காகப் பகுதி பகுதியாகத் தினம் சில மணி நேரம் சண்டையை நிறுத்த முடிந்ததே.

ஆகவே பணிவாகக் கேட்கிறேன். அடுத்த சுற்றுக்குத் தேதி குறிக்கும் முன் அந்தப் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எந்தத் தெரு ஆபத்து, எப்போது போகலாம் என்று கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்ற இடத்துக்கு அனுப்பாதீர்கள். கூலியைத் தாமதிக்காதீர்கள். இறந்தவர்களின் குடும்பங்களைக் கைவிடாதீர்கள். தயவுசெய்து, முதலில் அவர்களுக்குப் பாதுகாப்பு, பிறகு காலக்கெடு.

இப்படிக்கு,
தடுப்பு மருந்தை முழுதாக நம்பும் ஒருவன்